ஜெல்கோட்டா பெயிண்டா

ஜனவரி 19, திங்கள்

பனி. ஆறரை மணிக்கும் எதிர் வரிசை வீடு தெரியவில்லை. கல்பாக்கம் பஸ் பதினைந்து நிமிடம் லேட்.

ஞாபகத்துக்கு: சிலிண்டர். ரேஷன். சாதிக் பாய்க்கு போன்.

நேற்று கரையில் எங்கள் போட்டைக் கவிழ்த்துப் போட்டார்கள். ஒரு டிராக்டர், எட்டு ஆள். பதின்மூன்று வருட பைபர் போட்டு. விரலால் தடவிப் பார்த்தேன், நீலம் மாவாகக் கையோடு வந்தது. ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு செத்துவிட்டது. கல்பாக்கத்தில் பெயிண்ட் ஸ்டோர்ஸில் ஒன்பது வருடமாக டின் எடுத்துக் கொடுக்கிறேன், இதைச் சொல்ல இன்ஜினியர் வேண்டாம். தடவியதை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இந்தக் குப்பத்தில் பெண்கள் போட்டைத் தொடுவதில்லை. நான் திருக்கழுக்குன்றம் பக்கம், நெல் விதைக்கிற வீட்டில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் தெரியாமல் ஒரு போட்டின் மேல் சாய்ந்து நின்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஐப்பசியில் அலையில் கவிழ்ந்தது இந்த போட்டுதான். இவர் அடியில் மாட்டிக்கொண்டார். (ஏழுமலை என்று எழுதினால் வேறு யாரையோ எழுதுகிற மாதிரி இருக்கிறது. இவர் என்றே எழுதுகிறேன்.) தோள்பட்டை இறங்கிவிட்டது. மூன்று மாதமாகக் கடலுக்குப் போகவில்லை. தோள் சரியாகிவிட்டது என்று செங்கல்பட்டில் டாக்டர் சொல்லியாகிவிட்டது. இவருக்கு மட்டும் இன்னும் வலிக்கிறது. தண்ணீர் கேன் தூக்கும்போது வலிப்பதில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

மதியம் வெயில். ஸ்டோர்ஸில் ஆடிட். பிரைமர் இரண்டு டின் அதிகமாக இருக்கிறது. குறைந்தால் திட்டுவார்கள், கூடினாலும் திட்டுகிறார்கள்.

சாயங்காலம் சாதிக் பாய் வந்தார். கோவளத்துக்காரர், இருபத்தைந்து வருடமாக பைபர் வேலை. போட்டை ஒரு சுற்று சுற்றிவந்தார். சுத்தியல் காம்பால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். உடம்பு நன்றாக இருக்கிறதாம், தோல்தான் போய்விட்டதாம்.

இவர் கேட்டார்: "ஜெல்கோட்டா பெயிண்டா பாய்? எது நல்லது?"

"நீ எங்க ஓட்டப்போறேன்னு சொன்னாத்தான்பா நான் சொல்ல முடியும். கடலுக்குன்னா ஜெல்கோட். தெனம் மணல்ல இழுக்கற, பெயிண்டு ஒரு மாசத்துல தோலு உரிஞ்சி பூடும். முட்டுக்காட்டு கழி தண்ணில டூரிஸ்ட்ட ஏத்திகினு போறதுக்குன்னா பெயிண்டு போதும். சாயந்திரம் மேல ஏத்தி வெச்சிடுவாங்க. பளபளன்னு கீதுன்னு போட்டோ எடுப்பான்."

இன்னொன்றும் சொன்னார். ஜெல்கோட் மேல் எப்போது வேண்டுமானாலும் பெயிண்ட் அடிக்கலாம். பெயிண்ட் மேல் ஜெல்கோட் ஒட்டாது. மனசு மாறினால் மொத்தத்தையும் சுரண்ட வேண்டும்.

இவர்: "பாக்கலாம் பாய்."

ஜனவரி 22, வியாழன்

தலைவலி. வாடைக்காற்று.

முட்டுக்காட்டு ரிசார்ட் மேனேஜர் போன் செய்தார். போட்டும் வேண்டும், ஓட்ட ஆளும் வேண்டும். மாதச் சம்பளம். ஞாயிறு கட்டாயம் வேலை, செவ்வாய் லீவு. பிப்ரவரி பத்துக்குள் பதில் வேண்டுமாம். இவர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார், நானும் கேட்க வேண்டும் என்பதற்காக. வைத்த பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் பருப்பைக் கடைந்துகொண்டிருந்தேன்.

நான் வாயைத் திறக்கப் போவதில்லை. எனக்கு முட்டுக்காடுதான் வேண்டும். முழங்கால் அளவுத் தண்ணீர், லைப் ஜாக்கெட் போட்ட ஜனங்கள், ஆறு மணிக்கு வீடு. ஆனால் நான் சொன்னால் "நீ சொன்னதாலதான்" என்று காலமெல்லாம் கேட்க வேண்டியிருக்கும். அவராகச் சொல்லட்டும்.

ஜனவரி 24, சனி

ரேஷனில் துவரம்பருப்பு இல்லை.

தேசிங்கு மாமா வந்தார். இவருடைய அண்ணன். போட்டில் பாதி அவருடையது. மூன்று மாதமாக வேறு ஒருத்தர் போட்டில் போகிறார். உட்காரவில்லை.

"இன்னாடா முடிவு பண்ண? இன்னொருத்தன் போட்டுல எத்தினி நாளு நான் பின்னாடி குந்திகினு போறது. நீ சரின்னா பூசி காஞ்ச மறுநாளே தள்ளிடலாம்."

"பாக்கலாம்ணா."

"தோளு எப்டி கீது?"

"வலி கீதுண்ணா."

இந்த வாரம் 'பாக்கலாம்': பாயிடம் ஒன்று, அண்ணனிடம் இரண்டு (காலையில் போனில் ஒன்று), மேனேஜரிடம் ஒன்று. என்னிடம் ஒன்றும் இல்லை, நான் கேட்டால்தானே.

ஜனவரி 26, திங்கள்

லீவு. பனி எட்டு மணிக்குத்தான் விலகியது. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மைக்கில் யாரோ நீளமாகப் பேசினார்.

பாய்க்கும் இவருக்கும் டீ கொண்டுபோனேன். எந்தப் பூச்சாக இருந்தாலும் பழைய தோலைச் சுரண்டியாக வேண்டும், அதனால் வேலை தொடங்கியாகிவிட்டது. உப்புத்தாள் பிடிக்க ஆள் போதவில்லை. நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன்.

பாய் சொன்னார்: "இன்னாம்மா அங்கியே நிக்கற. கவுத்துப் போட்டு, இன்ஜின எறக்கி, தோலயும் சொரண்டியாச்சி. இது இப்ப போட்டு இல்ல, பிளாஸ்டிக்கு. வா, புடி."

இவரைப் பார்த்தேன். இவர் மாஸ்க்கை எடுத்து நீட்டினார்.

நாலு மணி நேரம் தேய்த்தேன். எண்பது நம்பர், பிறகு நூற்றிருபது. வழியில் போன பக்கத்து வீட்டு அஞ்சலை, "இன்னா வசந்தி, தோசக்கல்லு தேக்கறா மாதிரி தேக்கற" என்று கேட்டுவிட்டுப் போனாள். சிலர் கேட்காமலே பார்த்துவிட்டுப் போனார்கள். கடலிலிருந்து வந்த தேசிங்கு மாமாவும் பார்த்தார். செருப்பை உதறிவிட்டு நடந்தார்.

உடம்பெல்லாம் பைபர் தூள். நமைச்சல். இரண்டு தடவை குளித்தும் போகவில்லை.

சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 28, புதன்

சொல்லிவிட்டார். கரையில் டீக்கடையில், அண்ணனைப் பார்த்து: "ஜெல்கோட்டே போட்டுடலாம்ணா."

நான் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வழியாக வந்ததால் காதில் விழுந்தது. தேசிங்கு மாமா இவர் முதுகில் ஓங்கி ஒரு அறை கொடுத்தார், அடிபட்ட இடது தோள்பட்டை மேலேயே. இவர் முகம் சுளிக்கவில்லை. சாயங்காலம் மாமா வீட்டிலிருந்து வஞ்சிரம் வந்தது. ஆறு துண்டு.

குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் வந்தது.

சாமான் எல்லாம் பாய் கொண்டுவந்து நம் வீட்டில் இறக்கினார். ஸ்டோர்ஸ் புத்தி, எழுதாமல் இருக்க முடியவில்லை:

ஜெல்கோட், நீலம், 15 கிலோ
ரெசின் 1 கேன்
பைபர் மேட் 6 கிலோ (அடியில் மணல் உரசும் இடத்துக்கு)
ஹார்டனர் 1 பாட்டில்
மெழுகுக் கரைசல் அரை லிட்டர், 1 பாட்டில், சீல் உடையாதது
அசிட்டோன் 5 லிட்டர்
ரோலர் 4, பிரஷ் 6

நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மீன்பிடி போட்டுக்கு என்ன நிறம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது.

மெழுகு எதற்கு என்று பாயைக் கேட்டேன். எங்கள் ஸ்டோர்ஸில் இது வருவதில்லை. ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே காயாதாம். உள்ளே கல்லாகிவிடும், மேலே மட்டும் பிசுபிசுப்பு நிற்கும். கடைசிப் பூச்சில் மெழுகு கலந்தால் அது மேலே வந்து படிந்து காற்றை அடைத்துவிடும், பால் மேல் ஆடை மாதிரி. முதல் பூச்சில் ஊற்றக்கூடாது. கடைசியில் ஊற்றாமல் விடக்கூடாது. இவரும் பக்கத்தில் நின்று கேட்டார். இவருக்கு முன்பே தெரியும், பாயோடு இரண்டு போட்டு வேலை செய்திருக்கிறார்.

ஜனவரி 30, வெள்ளி

காலையில் அடியில் மேட் ஒட்டிய இடம் பார்த்தேன், நன்றாகப் பிடித்திருக்கிறது. முதல் பூச்சு நேற்று. இன்று கடைசி. பாய் பதினோரு மணிக்குத் தொழுகைக்குக் கிளம்ப வேண்டும், அதனால் கடைசிப் பூச்சை இவரே அடித்துக்கொள்வதாகப் பேச்சு. "மெழுகு, மறக்காத" என்று பாய் சொன்னாராம்.

ஐந்தே முக்காலுக்கு பஸ்ஸிலிருந்து நேராகக் கரைக்குப் போனேன். மதியத்திலிருந்து கடல்காற்று. போட்டு முழுக்க மணல், முறுக்கில் எள் மாதிரி. ஆள்காட்டி விரலை வைத்தேன். ரேகை பதிந்தது.

இவர் தண்ணீர் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தார். "காலைல காஞ்சிடும்" என்றார்.

ஜனவரி 31, சனி

காயவில்லை.

பாய் வந்தார். நகத்தால் கீறினார், முகர்ந்தார்.

"மெழுகு ஊத்துனியா?"

"ஊத்துனேன் பாய்."

"எவ்ளோ?"

"நீ சொன்ன அளவுதான்."

"அப்போ கடக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் பாய். குரலில் நம்பிக்கை இல்லை. தேசிங்கு மாமா கடைக்காரனின் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். மணலோடு பிடித்துக்கொண்டதால் மறுபடி கிரைண்டர். குறைந்தது ஒரு வாரம்.

இவர் இன்று சாப்பிட்ட அளவு: மூன்று மாதத்தில் இல்லாத அளவு.

பிப்ரவரி 1, ஞாயிறு

அஞ்சலை பேத்திக்குக் காதுகுத்து. கூல்டிரிங்ஸ் வைக்க ஐஸ் பெட்டி கேட்டாள். நம் தெர்மோகோல் பெட்டி ஐப்பசியிலிருந்து பரணில் கிடக்கிறது. இவர் வீட்டில் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன்.

உள்ளே பேப்பர் சுற்றி ஒரு பாட்டில். மெழுகுக் கரைசல். முதலில் சீலைத்தான் பார்த்தேன். உடையவில்லை.

அஞ்சலையிடம் மூடி உடைந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாட்டிலைச் சுற்றியிருந்தபடியே சுற்றி, வைத்திருந்தபடியே வைத்தேன். பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினேன்.

மறந்திருந்தால் பாட்டில் கரையில் கிடந்திருக்கும். மறந்தவர் பேப்பர் சுற்றிப் பரணில் வைக்க மாட்டார். அண்ணனிடம் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் போட்டைக் காய விடவில்லை. இவ்வளவுதான் விஷயம்.

இவருக்கு நாற்பத்திரண்டு வயது.

பிப்ரவரி 2, திங்கள்

இரண்டாவது ஷிப்ட். அதனால் காலையில் கரையில் இருந்தேன். இல்லாமல் இருந்திருக்கலாம்.

தேசிங்கு மாமா பைக் சாவியோடு வந்தார். "அந்த காலி பாட்டில குடு. மெட்ராஸ் போயி கடக்காரன் மூஞ்சிலியே வெச்சி கேக்கறேன்." பாயும் கூடப் போகத் தயார். காலி பாட்டில் எங்கே என்று மாமா மறுபடி கேட்டார். இவர் மணலைப் பார்த்தபடி நின்றார்.

நான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை.

"மாமா, அது என் தப்பு. ஸ்டோர்சு பாட்டிலும் மெழுகு பாட்டிலும் ஒரே மாதிரி இருந்துது. மெழுக நான் ஸ்டோர்சுக்கு எடுத்துகினு போயிட்டேன். இவருகிட்ட வேற பாட்டில குடுத்துட்டேன்."

உடனே நம்பினார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

"நான் அன்னிக்கே நெனச்சேன். பொம்பள கை பட்டா எப்டி வெளங்கும். நாலு மணி நேரம் குந்திகினு தேச்சியே."

பாய் மட்டும், "வேற பாட்டிலா? வாசன தெரியலியா இவனுக்கு?" என்று இவரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு, "சரிம்மா. சொரண்டிடலாம்" என்று கிரைண்டரை எடுத்தார்.

டீ ஆறுவதற்குள் குப்பம் முழுக்கத் தெரிந்துவிட்டது. குழாயடியில் ஒருத்தி எனக்கு வழி விட்டாள், மரியாதைக்காக இல்லை.

கோபம். தேசிங்கு மாமா மேல் இல்லை. அவர் எப்போதும் அப்படித்தான். நான் பொய் சொல்லும்போது வாயைத் திறக்காமல் நின்றாரே, இவர் மேல்.

பிப்ரவரி 4, புதன்

வீட்டில் இரண்டு நாளில் பேசியது, நினைவிலிருந்து:

சோறு போதுமா. போதும்.
மோட்டார் போடணும். போட்டாச்சி.
பனியன் எங்க. கொடில.

இவர் தனியாகவே சுரண்டுகிறார், காலை ஏழு முதல். பாய் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லையாம். கிரைண்டரை இடது தோளில் தாங்கிப் பிடித்து வேலை செய்கிறார் என்று அஞ்சலை வந்து சொன்னாள். மனைவி செய்த தப்புக்குப் புருஷன் படும் பாடு என்ற கணக்கில் சொன்னாள்.

ஸ்டோர்ஸில் காலாவதியான பெயிண்ட் ஒதுக்கும் வேலை. டின்னைத் திறந்தால் மேலே தோல் கட்டியிருக்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்

பனி குறைவு. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கக் கிளம்பினேன். இவர் பைக்கை எடுத்தார். "ஏறு" என்றார். ஏறினேன்.

ஈ.சி.ஆர். சிக்னலில்:

"ஐஸ் பெட்டிய தொறந்தியா?"

"ஞாயித்துக்கெழமயே."

பச்சை விழுந்தது. பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஓரமாக நிறுத்தினார். இறங்கச் சொல்லவில்லை, நானும் இறங்கவில்லை. திரும்பாமலே பேசினார்.

"அடில மாட்டிக்கினப்போ எதுவும் கேக்கல. அல சத்தம் கூட கேக்கல. வெளிய வந்தப்புறந்தான் கேட்டுது. இப்ப கரைல நின்னு அந்த சத்தம் கேட்டாலே காலு மடங்குது. தோளு இல்ல வசந்தி. காலு."

"இத மூணு மாசமா சொல்லியிருக்கலாம் இல்ல?"

"யாராண்ட?"

"என்னாண்ட."

"நீயும் ஒண்ணும் கேக்கலியே."

கேட்கக்கூடாது என்று நான்தான் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன். பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலில் பார்த்தேன், பைக்கைத் திருப்பாமல் அங்கேயே நின்றார்.

கோபம் போய்விட்டது. முழுவதும் இல்லை, குழாயடி இன்னும் இருக்கிறது.

பிப்ரவரி 7, சனி

அரிசி மாவு அரைக்கக் கொடுத்தது வாங்க வேண்டும்.

மேனேஜர் மறுபடி போன். இவர் ஸ்பீக்கர் போடவில்லை. வாசலுக்குப் போய்ப் பேசினார். உள்ளே வந்து, "நாளைக்கி நீ கரைக்கு வரியா?" என்றார்.

"பொம்பள கை பட்டா வெளங்காதாமே."

"தொட வேணாம். வந்து நில்லு."

பிப்ரவரி 8, ஞாயிறு

வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. கடல் அமைதி. பிளாஸ்கில் டீ, நாலு டம்ளர்.

போட்டு சுத்தமாகிவிட்டது. ஜெல்கோட் முழுவதும் போய் உள்ளே இருக்கும் சாம்பல் நிறம் தெரிகிறது. அங்கங்கே பைபர் நூல். பாய் உள்ளங்கையால் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். தேசிங்கு மாமா புது ஜெல்கோட் கேனைத் தோளில் தூக்கி வந்து இறக்கினார். என்னைப் பார்த்தார்.

"இந்த வாட்டி யாரும் கிட்ட வராதீங்க. தூரமா நில்லுங்க."

நான் தூரமாகத்தான் நின்றிருந்தேன்.

இவர் கிரைண்டரைக் கீழே வைத்தார். மாஸ்க்கைக் கழற்றினார்.

"அவ மேல தப்பு இல்லண்ணா. பாட்டிலு என்னாண்டதான் கீது. நான்தான் ஊத்தல."

"மறந்துட்டியா?"

"இல்ல. தெரிஞ்சேதான் ஊத்தல."

மாமாவுக்குப் புரியவில்லை. பாயைப் பார்த்தார். பாய் ரோலரில் இருந்த நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா கீதுண்ணா."

கத்துவார் என்று நினைத்தேன். இவரும் நினைத்திருப்பார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாமா மணலில் குந்தினார். மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"யாருக்குடா இல்ல. எனக்கு இல்லியா? ஏன் இருட்டோட போட்டு தள்றோம்னு நெனச்ச? அல கண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னுதான்."

"எனக்கு இருட்டுலயும் தெரியுதுண்ணா."

மாமா ஒரு பீடியை எடுத்தார். பற்ற வைக்கவில்லை. என் பிளாஸ்கைப் பார்த்துக் கையை நீட்டினார். ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்தார். மீதியை இவரிடம் நீட்டினார்.

பிறகு பாய் பக்கம் திரும்பினார்.

"பெயிண்டு எத்தினி நாள்ல காயும் பாய்?"

"ஏழு நாளு. பனி எறங்கலன்னா."